ஜிம்மியின் விறாந்தை: நாய்களைப் படமெடுப்பது கொழும்பில் ஒரு தொழிலான விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கப்பல் முகவர் நிலையம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் கணக்கெழுதிய நான், நாய்களின் மீதிருந்த பிரியத்தைத் தவிர வேறு முதல் எதுவும் இல்லாமல், அவற்றைப் படமெடுப்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டேன். அந்த மாற்றத்தையும், 2023 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் பதின்மூன்று வயதுக் கறுப்பு நாய் ஒன்றைப் படமெடுக்கப் போய் முதல் நாளில் முழுமையாகத் தோற்ற ஒரு பணியையும் இங்கே சேர்த்து ஆராய்கிறேன். இரண்டையும் பிரித்து எழுதியிருக்கலாம். ஆனால் இந்தத் தொழில் என்னிடம் எதைக் கேட்கிறது என்பது அந்த ஒரு பணியில்தான் எனக்கு விளங்கியது என்பதால், பிரிக்க மனம் வரவில்லை. நாயின் குடும்பத்தினர் இதை எழுதச் சம்மதித்துள்ளார்கள். அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஜிம்மியின் பெயரை மட்டும் விட்டுவைக்கும்படி அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லா வீடுகளிலும் சாப்பிட்ட நாய்கள் நான்கைந்து எங்கள் ஒழுங்கையில் எப்போதும் இருந்தன. பகலில் நிறுத்திவைத்த முச்சக்கர வண்டிகளின் கீழ் படுத்துக் கிடக்கும் அவை, இரவானதும் ஒழுங்கையின் இரு முனைகளையும் தாமாகவே பகிர்ந்துகொண்டு காவல் காக்கும். அறிவித்தல்களில் அவற்றுக்குக் கட்டாக்காலி நாய்கள் என்று பெயர். எங்கள் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. அப்பா வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வரும் நாட்களில் முதல் வடை வாசலில் நிற்கும் நாய்க்குத்தான் போகும். வைரவரின் வாகனம் பசியோடு நிற்க நாங்கள் உள்ளே போய்ச் சாப்பிடக் கூடாது என்பது அவருடைய விதி. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு 2006 ஆம் ஆண்டில் ஏற்பதற்கு முன்னைய காலம் அது. நாய் பிடிக்கும் வண்டி வந்து போன ஒரு காலையில், நாங்கள் பெயர் வைத்து அழைத்தவற்றில் மூன்று இல்லாமல் போயின. அவற்றின் ஒரு படம்கூட எங்களிடம் இருக்கவில்லை. அவற்றில் ஒன்றின் நெற்றியிலிருந்த வெள்ளைப் பொட்டு வட்டமா, நீள்வட்டமா என்பதில் எனக்கும் தங்கைக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. நான் கமராவை நோக்கி வந்த பாதை அங்கேதான் தொடங்கியது என்று நம்புகிறேன்.

2017 ஆம் ஆண்டில் பழைய கமரா ஒன்றையும் 85 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையும் வாங்கி, விடுமுறை நாட்களில் நண்பர்களின் நாய்களைப் படமெடுக்கத் தொடங்கினேன். படங்களில் பெரும்பாலானவை மோசமாக வந்தன. நின்றபடி கீழ்நோக்கி எடுத்ததால், நாய்க்குத் தலை பெரிதாகவும் கால்கள் குச்சிகளாகவும் தெரிந்தன. நாய்களைப் படமெடுத்தவர்களில் நான் மிகவும் மதிக்கும் எலியட் எர்விட் (1928–2023), 1946 ஆம் ஆண்டு நியூயோர்க் வீதியில் ஒரு சின்னஞ்சிறு சிவாவா நாயை, அருகில் நிற்கும் பெண்ணின் பாதங்களோடு மட்டும், தரையோடு தரையாக எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான், நாயின் உலகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அந்தப் படத்தில் பெண்ணின் முகம் இல்லை. நாயின் முகம் இருக்கிறது. அன்றிலிருந்து என் காற்சட்டைகள் முழங்காலில்தான் முதலில் கிழிகின்றன.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, கொழும்பில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நீடித்தபோது, எங்கள் கேற்றுக்கு வெளியே இருந்த நான்கு நாய்களைத் தவிர எனக்குப் படமெடுக்க எதுவும் இருக்கவில்லை. ஒரே நான்கு நாய்களை ஒரே இடத்திலிருந்து அத்தனை நாட்களும் எடுத்தேன். வேறு வழி இல்லாததால்தான், ஒரு நாய் ஓடத் தொடங்குவதற்கு முன் எந்தத் தோளைத் தாழ்த்துகிறது, சலிப்பில் வரும் கொட்டாவிக்கும் பதற்றத்தில் வரும் கொட்டாவிக்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் கவனிக்கும் பொறுமை எனக்கு வந்தது. பணம் கட்டிப் பயின்ற எந்த வகுப்பையும் விட அந்த இரண்டு மாதங்களே எனக்கு அதிகம் கற்பித்தன. 2021 ஆம் ஆண்டின் முடிவில் வேலையை விட்டேன். பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிவு செய்தேன்.

காலம் அதைவிடக் கெட்டதாக இருந்திருக்க முடியாது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி மிதக்கவிடப்பட்டு, 200 ரூபாய்க்குச் சற்று மேல் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. நான் வாங்க எண்ணியிருந்த 70–200 மில்லிமீற்றர் லென்ஸ் கைக்கு எட்டாமல் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, மின்சாரம் வரும் நள்ளிரவுகளில் படங்களைத் திருத்தினேன். எரிபொருள் வரிசைகள் காரணமாகத் தெகிவளைக்கும் மொறட்டுவைக்கும் ரயிலில்தான் போய்வந்தேன். அந்த ஆண்டில் நான் தொழிலைக் கைவிடாததற்குத் துணிவு காரணமில்லை. பழைய வேலையில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்பதே காரணம்.

பணத்தைவிட அதிகம் கற்பித்த பிழை ஒன்றை இந்த இடத்தில் பதிவு செய்ய வேண்டும். தொழில் தொடங்கிய முதல் மாதத்தில் ஓர் அல்சேஷன் நாய் என் இடது மணிக்கட்டைக் கடித்தது. “அவன் கடிக்கமாட்டான்” என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் அதையே விரும்பி நம்பினேன். நாய் முதலில் தலையை அப்பால் திருப்பியது. பிறகு உதட்டை நக்கியது. பிறகு கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தது. மூன்றும் விலகிப் போ என்று அது சொன்ன சொற்கள். நானோ, என்னைப் போல நாய்களை நேசிக்கும் ஒருவனை எந்த நாயும் கடிக்காது என்ற நினைப்பில், அதன் மேல் குனிந்து கழுத்துப் பட்டியைச் சரிசெய்யக் கை நீட்டினேன். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்டு முடித்தேன். நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருந்தது. பத்து நாட்களுக்கு மேலாக அது நலமாகவே இருந்தது. அந்தக் கடியில் நாயின் பிழை எதுவும் இல்லை. அது மூன்று தடவை மரியாதையாகச் சொன்னது, நான் கேட்கவில்லை.

அன்று இரவு கட்டுப் போட்ட கையோடு இருந்து யோசித்தபோதுதான், என் பிரியம் அதுவரை என்னுடைய பிரியமாக மட்டுமே இருந்திருக்கிறது என்பது தெளிவானது. நான் நாயைத் தொட விரும்பினேன், அது என்னைப் பார்க்க விரும்பினேன், நெருங்கி அணைக்க விரும்பினேன். அந்த விருப்பங்கள் எவற்றுக்கும் நாயின் சம்மதம் இருக்கவில்லை. கமரா என்ற கருவி நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பதை அச்சுறுத்தலாகக் கொள்ளும் ஒரு விலங்குக்கு முன்னால், இமைக்காத பெரிய கண்ணாடிக் கண் ஒன்றை நீட்டிக்கொண்டு மனிதன் ஒருவன் ஊர்ந்து வந்தால், அது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதன் பிறகு என் வேலைமுறை மாறியது. எந்த நாயிடமும் முதல் இருபது நிமிடம் கமராவை எடுப்பதில்லை. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல், வீட்டுக்காரருடன் பேசிக்கொண்டிருப்பேன். நாய் தானாக வந்து மணந்து பார்த்துவிட்டுப் போன பிறகு கமராவைத் தரையில் வைப்பேன். அதையும் அது மணந்து பார்க்கும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்க, நாயின் காது 45,000 ஹேர்ட்ஸ் அளவு வரை கேட்கிறது என்பதால், குவியத்தின்போது கமரா எழுப்பும் சிறிய ஒலியையும் ஷட்டர் ஒலியையும் அணைத்து வைக்கிறேன். விளையாட்டுக்காக வைத்திருந்த சிவப்புப் பந்தை மாற்றி நீலப் பந்து வாங்கினேன். நாய்களின் கண்ணில் நீலத்துக்கும் மஞ்சளுக்குமான உணர்கலங்களே உள்ளன. பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து நமக்குத் தெரிவதுபோல அவற்றுக்கு எடுப்பாகத் தெரிவதில்லை. நான் எறிந்த பந்தை நாய் தேடித் திணறியதைப் பார்த்து அதை மந்தமானது என்று எண்ணிய நாட்கள் எனக்கு இன்னும் வலிக்கின்றன.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஓடும் நாய்க்கு 1/1600 செக்கன், நடக்கும் நாய்க்கு 1/500, உட்கார்ந்திருக்கும் நாய்க்கு 1/250 என்பது என் வழமை. 2019 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியப்படுத்தும் வசதியைத் தன் கமராக்களில் கொண்டுவந்ததும், மற்ற நிறுவனங்கள் தொடர்ந்ததும், இந்தத் தொழிலின் பெரும் சுமை ஒன்றைக் குறைத்தன. ஆனால் கறுப்பு நாயின் கறுத்த கண்ணிலும், முடி மூடிய கண்ணிலும் அந்த வசதி இன்னும் தடுமாறுகிறது. கொழும்பின் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் மூடிய பெட்டியில் வைப்பது கட்டாயம்; கடற்கரையில் வேலை முடிந்ததும் உப்பைத் துடைக்காமல் உறங்கப் போகக் கூடாது.

இனி ஜிம்மி.

ஜிம்மியின் குடும்பத்து மகள் ரொறன்ரோவில் வசிப்பவர். 2023 ஆம் ஆண்டில் மூன்று வார விடுமுறையில் வந்திருந்த அவர், தன் தாயாரையும் ஜிம்மியையும் ஒன்றாகப் படமெடுத்துத் தருமாறு கேட்டார். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. ஜிம்மி நாட்டு நாய், முகவாய் நரைத்த, மற்றபடி முழுக் கறுப்பு, பின்னங்கால்களில் மூட்டுவலி, காது அரைவாசி மந்தம். சிறு வயதில் தகப்பனார் தன்னையும் அப்போதிருந்த நாயையும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் சென்றதாகவும், அதனால் அங்கே சூரியன் மறையும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்றும் மகள் விரும்பினார். அந்த விருப்பத்தின் பின்னாலிருந்த நினைவு எனக்கு விளங்கியது. விளங்கியதாலேயே, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. ஜிம்மி கடைசியாக வீட்டை விட்டு வெளியே போனது எப்போது என்ற ஒரு கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டிருந்தால், அதற்கு அந்த மாலை நேர்ந்திருக்காது. அது கடைசியாக வெளியே போனது பதினெட்டு மாதங்களுக்கு முன், மிருக வைத்தியரிடம்.

மாலை ஐந்தரை மணிக்குக் காலிமுகத்திடலில் இறங்கினோம். குளிரூட்டிய வண்டியிலிருந்து கடற்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் நீராவி படிந்து, அது தெளியக் கால் மணித்தியாலம் போனது. கொழும்பு ஏறக்குறைய வடக்கு 7 பாகையில் இருப்பதால் சூரியன் சரிந்து இறங்காமல் கிட்டத்தட்ட நெட்டாக விழுகிறது. படத்துக்கு உகந்த அந்தப் பொன்னொளி நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, அதில் மூன்றில் ஒரு பங்கைத் துடைப்பதிலேயே கழித்தேன். பட்டங்கள், இறால் வடைக் கடைகள், பந்தடிக்கும் பிள்ளைகள், காற்று. ஜிம்மி வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் சேலையோடு ஒட்டி நின்றது. அதன் நாக்கு அகலமாகத் தொங்கியது. இரண்டு தடவை கொட்டாவி விட்டது. ஒரு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. மகள் அதன் பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். தகப்பனாரின் நினைவில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நான் இருபது நிமிடத்தில் கமராவைப் பையில் வைத்தேன். எடுத்த படங்களில் சில, தொழில்நுட்பமாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தன. பின்னொளியில் ஜிம்மியின் உடல் விளிம்பெங்கும் பொன் கோடு ஓடியது. கறுப்பு நாய்க்கு அதைவிட அழகான ஒளி கிடையாது. ஆனால் அந்தப் படங்களில் இருந்தது பயந்துபோன கிழட்டு நாய் ஒன்று. அவற்றை நான் கொடுத்திருந்தால் குடும்பம் ஏற்றுக்கொண்டிருக்கும், நன்றியும் சொல்லியிருக்கும். நாயின் உடலைப் படிக்கத் தெரியாதவருக்கு நாக்கைத் தொங்கவிட்ட நாய் சிரிப்பதாகத்தான் தெரியும். அவற்றைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, காரணத்தை மகளிடம் சொன்னேன். அவர் சற்றுக் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவன் நான்தான். அன்றைய நாளுக்குப் பணம் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் கமரா இல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில், தொடர்மாடிகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடு அது. முன்புறம் சிவப்புச் சீமெந்துத் தரையுடன் ஒரு விறாந்தை. அதில் ஒரு சாய்மனைக் கதிரை. கதிரையின் வலப்பக்கத்தில், பதின்மூன்று ஆண்டுகள் ஒரே உடல் படுத்ததால் மெருகேறிய ஓரிடம். அம்மா எனக்குத் தேநீர் தந்துவிட்டு, நான் கேட்காமலேயே ஜிம்மியின் நாளைச் சொன்னார். காலையில் எத்தனை மணிக்கு எழும்பும், கடலோர ரயிலின் அதிர்வை எப்போது தரையில் உணரும், எந்தக் காகத்தோடு பகை, மத்தியானம் எந்த மூலைக்கு நகரும் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு சொன்னார்: “பின்னேரம் நாலரைக்குச் சூன் பாண் ஓட்டோ வரும் தம்பி. இவனுக்குக் காது கேக்கிறது குறைவுதான். ஆனா அந்தப் பாட்டு மட்டும் எப்பிடியோ கேக்கும். எனக்கு முதல் இவன் எழும்பீடுவான்.”

கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஓட்டோவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டி நிறையப் பாணும் பணிஸும் அடுக்கி, ஒரே மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் வண்டி. ஜிம்மிக்கு அதிலிருந்து நாளாந்தம் அரைப் பணிஸ் கிடைத்துவந்தது. பல படப்பிடிப்பாளர்கள் நாய் காதை நிமிர்த்துவதற்காக விதவிதமான விசில்களையும் கீச்சிடும் பொம்மைகளையும் பையில் வைத்திருப்பார்கள், நானும் வைத்திருந்தேன். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், சீனவெடி ஒன்றைக் கொளுத்தினால் நாய் நன்றாகக் காதை நிமிர்த்தும் என்று யோசனை சொன்னபோது, தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களை நினைத்துக்கொண்டு அந்தப் பணியையே மறுத்துவிட்டேன். ஜிம்மிக்கு விசிலும் வேண்டியிருக்கவில்லை. அது காதை நிமிர்த்தும் கணம் அதன் நாளிலேயே இருந்தது. நான் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருந்தால் போதும்.

அடுத்த இரண்டு நாட்களும் மாலை மூன்றரை மணிக்குப் போய், தரையில் உட்கார்ந்து, ஆறு மணிக்குத் திரும்பினேன். முதல் நாள் பையை விறாந்தையில் வைத்தபோது ஜிம்மி எழுந்து உள்ளே போய்விட்டது. “தம்பி, அவன் உங்கட பெட்டிக்குத்தான் பயப்பிடுறான். அதைக் கேற்றடியில வச்சிட்டு வாங்கோ” என்றார் அம்மா. மிருக வைத்தியரின் பையும் அதே கறுப்பு நிறம், அதே அளவு. அதற்குப் பிறகு நான் கமராவைச் சீலைப் பையொன்றில் கொண்டுபோனேன். இப்போதும் எல்லா வீடுகளுக்கும் அதே சீலைப் பைதான் போகிறது.

ஒளியைப் பற்றி இந்த இடத்தில் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் கறுப்பு நாய்களைப் படமெடுப்பதில் பலர் தோற்பது இங்கேதான். கமராவின் ஒளியளவி தான் பார்க்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்கிறது. படச்சட்டம் முழுவதும் கறுப்பு நாயே நிறைந்திருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறதென்று நினைத்து ஒளியைக் கூட்டி, நாயை வெளுத்த சாம்பலாக்கிவிடும். அப்போது ஒளியை அரை நிறுத்தத்திலிருந்து ஒரு நிறுத்தம் (stop, அதாவது ஒளி பாதியாகும் அளவு) வரை நாம் குறைக்க வேண்டும். அதே நாய் வெள்ளைச் சுவருக்கு முன் சிறிதாக நின்றால், கமரா சுவரைப் பார்த்து ஒளியைக் குறைத்து, நாயைக் கண்ணும் மூக்கும் இல்லாத கரிய ஓட்டையாக்கிவிடும். அப்போது கூட்ட வேண்டும். நாய்க் காப்பகங்களுக்காகப் பணம் வாங்காமல் படமெடுத்தபோது, கறுப்புக் குட்டிகளின் கைப்பேசிப் படங்கள் பலவற்றில் இந்த ஓட்டையைத்தான் கண்டேன். அந்தக் குட்டிகளைத் தத்தெடுக்க வருபவர்கள் கடந்து போவதற்கு அவற்றின் நிறம் காரணமென்று சொல்லப்பட்டது. கண்ணில் ஒளிப்புள்ளி விழும்படி எடுத்துக் கொடுத்த பிறகு, சில குட்டிகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். என் படங்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

ஜிம்மியின் விறாந்தையில் நேர் வெயில் விழவில்லை. எதிர்வீட்டின் வெள்ளை மதிலில் பட்ட மாலை வெயில் திரும்பி, கறுப்பு முடியின் ஒவ்வொரு இழையும் தெரியும் அளவுக்கு மென்மையாக உள்ளே வந்தது. அம்மா வெளிர் நிறச் சேலை உடுத்திருந்தார். கறுப்பையும் வெளிர் நிறத்தையும் ஒரே படத்தில் காப்பாற்ற, கமராவின் தீர்ப்பை நம்பாமல் எல்லாவற்றையும் கையால் அமைத்தேன்: ஷட்டர் 1/320 செக்கன், லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600. சேலையின் மடிப்புகள் வெளிறிப்போகாத எல்லையில் நிறுத்திக்கொண்டு, நாயின் இருளைப் பிறகு மெதுவாகத் தூக்கினேன். நான் குப்புறப் படுத்திருந்தேன். லென்ஸ் ஜிம்மியின் கண்மட்டத்தில் இருந்தது.

இரண்டாம் நாள், நான்கு மணி முப்பத்தாறு நிமிடத்துக்கு, எனக்கு எதுவும் கேட்பதற்கு முன் ஜிம்மியின் வலக்காது எழுந்தது. பிறகு இடக்காது. பிறகு, வலியுள்ள பின்னங்கால்களைப் பொறுமையாக ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றி, அது எழுந்து நின்றது. அம்மாவின் கை, அவர் கவனமில்லாமலேயே, அதன் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்கையின் முனையிலிருந்து பாட்டு வந்தது. பதினொரு படங்கள் எடுத்தேன். மகள் கதவுநிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலிமுகத்திடல் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

இந்தப் பணியின் வரவுசெலவையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பிரியத்தினால் இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் கமராவைப் பற்றிக் கேட்கிறார்களே தவிர மணித்தியாலங்களைப் பற்றிக் கேட்பதில்லை. வழமையான ஒரு பணிக்கு, தொலைபேசி உரையாடலுக்கு அரை மணித்தியாலம், முன்பார்வைக்கு (படமெடுக்கும் முன் வீட்டுக்குப் போய் நாயைப் பார்ப்பதற்கு) ஒன்று, படப்பிடிப்புக்கு ஒன்றரை, போக்குவரத்துக்கு ஒன்றரை, ஏறக்குறைய 600 படங்களிலிருந்து 25 ஐத் தெரிவதற்கு இரண்டு, திருத்தத்துக்கு நான்கு, அச்சுக்கும் கையளிப்புக்கும் ஒன்றரை என்று மொத்தம் பன்னிரண்டு மணித்தியாலம் போகிறது. முதல் ஆண்டில் நான் வாங்கிய கட்டணத்தைப் படப்பிடிப்பு நேரமான ஒன்றரை மணித்தியாலத்தால் வகுத்துப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். கணக்காளனாக இருந்த ஒருவன் செய்யக் கூடாத தவறு அது. பன்னிரண்டால் வகுத்த அன்று, பழைய வேலையின் மணித்தியாலச் சம்பளத்தில் அரைவாசியும் வரவில்லை. ஜிம்மியின் பணி நான்கு நாட்களை எடுத்தது. அதில் எனக்கு நட்டம்தான். இருந்தும் அதற்குப் பிறகு நான் கட்டணத்தை உயர்த்தி, முன்பார்வையைத் தனிச் செலவாகவே சேர்த்து, அதற்குச் சம்மதிக்காதவர்களின் பணிகளை ஏற்காமல் விட்டபோது, பணிகள் குறைந்தன, வருமானம் குறையவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது அச்சுச் செலவும் ஏறியது. அதையும் மறைக்காமல் விலைப்பட்டியலில் காட்டுகிறேன்.

வாடிக்கையாளர்களில் கணிசமானோர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்பதையும் குறிப்பிட வேண்டும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் அவர்கள் பேசும்போது நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள்; ஆனால் அப்பா மெலிந்திருக்கிறாரா, அம்மா படியேறுகிறாரா என்பவையும் அந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகின்றன. அதனால் நான் எந்தப் பணியிலும் நாயை மட்டும் தனியே எடுத்து முடிப்பதில்லை. நாய் படுக்கும் இடம், அதன் தட்டு, அதன் கயிறு தொங்கும் ஆணி, அதற்குச் சோறு வைக்கும் கை ஆகியவற்றையும் எடுக்கிறேன்.

என்னால் தீர்க்க முடியாதவை இன்னும் உண்டு. ஏப்ரல், மே மாத நண்பகல்களில் வேறு நேரமே இல்லை என்று சொல்லும் வாடிக்கையாளர்களை இழக்கிறேன். புறங்கையைத் தார் வீதியில் ஏழு செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் நாயை அங்கே நிறுத்துவதில்லை என்பதிலும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயிலில் ஓடவிடுவதில்லை என்பதிலும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. மரைன் டிரைவை ஒட்டி ரயில் பாதை ஓடுவதால், அங்கே கயிற்றைக் கழற்றச் சொல்பவர்களுக்கும் மறுப்புச் சொல்கிறேன். கயிற்றோடு எடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் கயிற்றை அழிப்பது எனக்கு அரை மணித்தியால வேலை மட்டுமே. அங்கே எடுப்பதென்றால் காலை ஏழு மணிக்கு முன் வரச் சொல்கிறேன். கிழக்கே உதிக்கும் சூரியனைத் தொடர்மாடிகள் மறைத்துவைத்திருக்கும் அந்த நேரத்தில், கடலோரம் முழுவதும் ஒரு பெரிய விறாந்தையைப் போல மென்மையான ஒளியில் இருக்கிறது.

ஜிம்மி 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்தது. மகள் ரொறன்ரோவிலிருந்து அழைத்து, படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். நான் சிறந்ததென்று நினைத்திருந்த, இரு காதும் நிமிர்ந்து கண்ணில் ஒளி நிற்கும் படத்தை அவர்கள் தெரிவு செய்யவில்லை. அதற்கு அடுத்த படத்தைக் கேட்டார்கள். அதில் ஜிம்மி ஏற்கெனவே கேற்றை நோக்கித் திரும்பிவிட்டது. முகம் பாதிதான் தெரிகிறது. வால் அசைந்த வேகத்தில் கலங்கியிருக்கிறது. அம்மா எழும்புவதற்காகக் கதிரையின் கையைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் பணிஸுக்கான காசு இருக்கிறது. படத்தைக் கொண்டுபோன அன்று அவர் அதை நீண்ட நேரம் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, சுவரில் எங்கே மாட்ட வேண்டும் என்று காட்டினார். கதிரையின் வலப்பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அந்த மெருகேறிய இடத்துக்கு நேர் மேலே ஆணி அடித்தேன். அடித்து முடிக்கும்போது சூன் பாண் ஓட்டோ வந்தது. அம்மா எழுந்து போய் ஒரு பணிஸ் வாங்கி, பாதியைப் பிய்த்து, ஒழுங்கையில் நின்ற செம்மஞ்சள் நிறக் குட்டி ஒன்றுக்குப் போட்டார்.